முந்நூற்று இரண்டு

கிளாக்ஸ்விக் துறைமுகத்துக்கு மேலே
இரண்டாம் மாடியில் எங்கள் அலுவலகம்.
வியாழன் காலை, மூடுபனி.
எதிர்த் தீவைக் காணவில்லை,
எங்கள் கொடிக்கம்பத்தில் பாதியையும்.

தொலைபேசியில் தானியால்.
"கடவுச்சொல் சரி என்கிறது, ரன்வா.
கதவும் திறக்கிறது.
உள்ளே கால் வைத்தால்
மறுபடி வாசலில் நிற்கிறேன்."

குக்கீகளை அழியுங்கள் என்றேன்.
ஒன்றும் தெரியாதபோது நாங்கள் எல்லோரும் சொல்வது அது,
தலைவலிக்குத் தைலம் மாதிரி.
அழித்தார். வானிலைப் பக்கம் அவரை மறந்தது,
வங்கி மறந்தது,
செய்தித்தாள் நீங்கள் யாரென்று கேட்டது.
எங்கள் வாசல் மட்டும்
பழைய குருடி, கதவைத் திறடி.

கடைசியில் உலாவியே கையை விரித்தது:
இந்தத் தளம் உங்களை
அளவுக்கு மீறி அலைக்கழித்துவிட்டது.
அதை வாசித்துக் காட்டியபோது
அவர் சிரித்தாரா இருமினாரா, தெரியவில்லை.

ஒவ்வொரு பூட்டாக ஆட்டிப் பார்த்தேன்.
சர்வரின் கடிகாரம் சரி.
சான்றிதழ் இன்னும் எட்டு மாதம் செல்லும்.
குக்கீ போக வேண்டிய டொமைனுக்குத்தான் போகிறது.
முகவரியின் வாலில் சாய்கோடு கூடுதலா என்றும் பார்த்தேன்;
அதற்காகவே ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை
ஒருமுறை தொலைத்தவள் நான்.
என் பெயரில் நுழைந்தேன், விட்டது.
முந்நூற்றுப் பதினோரு படகுக்காரர்கள்
அன்று காலை மீன் கணக்கு எழுதிவிட்டுப் போயிருந்தார்கள்.
ஒருவர் மட்டும் வெளியே.

பதிவுக் கோப்பைத் திறந்தேன்.
302
302
302
இங்கே இல்லை, அங்கே போ என்பதற்கு எண் அது.
ஒரு நொடிக்குள் இருபது.

வாசல் சொல்கிறது: உன்னைத் தெரியும், வா.
போன தடவை எங்கே நின்றாயோ அங்கேயே போ.
அந்த இடம் சொல்கிறது: இங்கே உனக்கு உரிமை இல்லை.
நீ யாரென்று வாசலில் சொல்லிவிட்டு வா.
வாசல் சொல்கிறது: உன்னைத் தெரியும், வா.

இரண்டும் பொய் சொல்லவில்லை.
இரண்டையும் எழுதியவள் நான்,
வெவ்வேறு வருடங்களில்.

போன தடவை நின்ற இடம்: படகு 417.
சிப்பிப்பிடிப்பான் பறவையின் பெயர் அதற்கு.
நிலை: நீக்கப்பட்டது.
காரணம் என்ற கட்டத்தில்
யாரோ ஒரே சொல்லில்: உடைப்புக்கு.
தேதி ஜனவரி. இப்போது ஏப்ரல்.
மூன்று மாதம் அவர் வரவில்லை,
பிழையும் தூங்கிக் கிடந்தது.

நான்கு வரியில் திருத்தம்.
இடமே இல்லையென்றால் அங்கே அனுப்பாதே.
அது சுலபம்.
பதிலுக்கு என்ன சொல்வது என்பதில்தான்
மதியச் சாப்பாடு ஆறிப்போனது.
பக்கம் கிடைக்கவில்லை. அழித்தேன்.
அனுமதி இல்லை. அதையும் அழித்தேன்.
கடைசியில்,
இந்தப் படகு இப்போது பதிவேட்டில் இல்லை.
உங்கள் பெயர் இருக்கிறது.

மூன்று மணிக்கு அழைத்தார். உள்ளே வந்துவிட்டாராம்.
நன்றி சொல்லவில்லை, எங்கள் ஊரில் அது குறையும் இல்லை.
"பழைய கணக்கு இருக்கிறதா?"
இருந்தது. ஆனால் அங்கே போக ஒரே வழி
அந்தப் படகின் பக்கம்தான்.
"எல்லாம் வேண்டாம்.
இரண்டாயிரத்துப் பதினொன்று, மே ஒன்பது.
அந்த ஒரு நாள்."
ஏனென்று அவர் சொல்லவில்லை.
பனிக்குள் ஏதோ கப்பல் ஊதியது,
என் ஜன்னலில் ஒருமுறை,
அவர் தொலைபேசிக்குள் ஒருமுறை,
ஒரு மூச்சு முன்பின்னாக.

வழி போட்டுக் கொடுத்தேன்.
நாலே முக்காலுக்குப் பதிவில் விழுந்தது: 200.
இதோ, இருக்கிறது என்பதற்கு எண் அது.
அப்புறம் ஒன்றுமில்லை.
முப்பது நிமிடம் சும்மா இருந்தால்
அமர்வு தானாக முடிந்துவிடும்;
அதுவும் நான் எழுதியதே.
கோட்டை மாட்டிக்கொண்டு, உட்காராமல்,
திரைக்கு முன்னால் நின்றேன்.
இருபத்தெட்டாவது நிமிடம்
அதே முகவரி, மறுபடி,
200.