ஈரக் கழிவு

குன்னூர் மண்டபத்தில் எங்களுக்கு ஒதுக்கியது
பதினாறாம் எண் அரங்கு. கழிப்பறைக்குப் போகும் வழி.
"நல்ல இடம்தான், எல்லாரும் தாண்டித்தானே ஆகணும்"
என்றார் தணிகாசலம், பீளமேட்டிலிருந்து, போனில்.

ஒரு மேஜை. நீல வெல்வெட் துணி.
அதன்மேல் கைப்பேசி அளவில் எங்கள் ஈரமானி.
கொழுந்துக் குவியலில் செருகினால்
இலைக்குள் ஊறிய நீர் எவ்வளவு,
மேலே ஒட்டிய நீர் எவ்வளவு,
எட்டு விநாடியில் பிரித்துச் சொல்லிவிடும்.

ரயிலடி லாட்ஜில் முந்தைய இரவு
இருபது தடவை பேசிப் பார்த்தேன்.
முதல் படம், நிறுவன வரலாறு.
இரண்டாம் படம், நிறுவனர்.
பதினான்காம் படத்தில்தான் கருவியே வரும்.
கண்ணாடியில் படிந்த பனி
என் முகத்தை வாயிலிருந்து அழிக்கத் தொடங்கியிருந்தது.

பதினொன்றரைக்கு மேடை. பத்து நிமிடம்.
முன்வரிசையில் தொழிற்சாலைக்காரர்கள், கம்பளிக் கோட்டு.
காகிதக் கோப்பையை ஒரு உறிஞ்சு உறிஞ்சி
"டஸ்ட்டு" என்றார் ஒருவர், பக்கத்துக் காதில்.
பின்னால், கதவோரம்,
பன் தீரும்வரை உட்காரலாமென்று வந்தவர்கள்.

மூன்றாம் படத்தில் நிறுவனர் கேடயம் வாங்கினார்.
நான்கு தலைகள் கைப்பேசிக்குள் கவிழ்ந்தன.
ஐந்தாவது தலையை விட்டுக்கொடுக்க மனசில்லை.
வெள்ளைத் துண்டு போர்த்திய ஒரு பெண்,
மடியில் பை,
பையின் வாயில் பச்சையாய் ஏதோ துருத்திக்கொண்டு.

பட்டனிலிருந்து விரலை எடுத்தேன்.
"அக்கா, பையில என்ன?"
"கொழுந்து. விடியக்கால எடுத்தது. ஏஜெண்டு வரல."

மேடையை விட்டு இறங்கினேன்.
மைக் ஒயர் பாதி தூரம் கூட வந்தது,
பிறகு என்னைப் பிடித்து இழுத்தது.
அதை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு
மீதியைத் தொண்டையால் பேசினேன்.

"போன வாரம் ஈரத்துக்கு எவ்வளவு கழிச்சாங்க?"
"நூத்துக்குப் பதினஞ்சு கிலோ."
"மழையா?"
"மழை ஏது? பனிகூட ஒன்பதுக்கே எந்திரிச்சுப் போயிருச்சே."

செருகினேன்.
எட்டு விநாடி யாரும் தேநீர் உறிஞ்சவில்லை.
எண்ணை நான் வாசிக்கவில்லை. அவரிடம் நீட்டினேன்.
"நாலு" என்றார், உரக்க. "நாலு, புள்ளி, ரெண்டு."
பக்கத்திலிருந்தவர் வாங்கி வாசித்தார்.
அடுத்தவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசித்தார்.
பன் தட்டு அவர்களைக் கடந்து போனது, யாரும் எடுக்காமல்.

முன்வரிசைக் கோட்டு ஒன்று திரும்பியது:
"உங்க மெஷின் சரின்னு யாரும்மா சொல்றது?"
நியாயமான கேள்வி. பன்னிரண்டாம் படத்தில் பதில் இருந்தது.
நான் மேடையைத் திரும்பிப் பார்ப்பதற்குள்
"உங்க தராசு சரின்னு யாரு சொன்னாங்களோ, அவுங்களே"
என்றது கதவோரம் ஒரு குரல்.
சிரிப்பு பின்னாலிருந்து கிளம்பி
நடுவரிசை வரைக்கும் வந்து நின்றுகொண்டது.

மூன்று மணிக்கு தணிகாசலம்:
"எத்தனை ஃபேக்டரி புக்கிங்?"
"ஒண்ணுமில்ல சார்."
போனுக்குள் மின்விசிறி சுற்றுவது கேட்டது.
இங்கே அப்படி ஒன்று தேவைப்படுவதில்லை.

பதினாறாம் அரங்கின் முன் அப்போது வரிசை.
கழிப்பறைக்கென்று நினைத்து நின்ற ஒருவர்
முறை வந்ததும் விலை கேட்டார்.

ரசீதில் நஞ்சி என்று எழுதச் சொன்னார் அந்தப் பெண்.
எழுதியதும், "அடிச்சிடு. ஹட்டி பேரைப் போடு,
பதினோரு வீடு சேர்ந்து வாங்குறோம்.
மூணு தவணை.
ஏலத்துல விலை ஏறினா ரெண்டு."

தவணைக்கு எங்களிடம் படிவம் கிடையாது.
நிறுவன வரலாறு அச்சடித்த தாளைத் திருப்பி
வெள்ளைப் பக்கத்தில் எழுதினேன்.
பதினோரு வீட்டுக்கும் அந்தப் பக்கம் போதுமானதாக இருந்தது.

ஆறு மணிக்கு அரங்கைப் பிரித்தோம்.
அவர் மறந்துவிட்டுப்போன ஒரு பிடி கொழுந்து
மேஜையில் வாடத் தொடங்கியிருந்தது.
கையில் அள்ளினேன்.
அடியில், நீல வெல்வெட்டில்,
உள்ளங்கை அகலத்துக்குக் கருத்திருந்தது
அந்த நாலு சதம்.