பதினைந்து கிலோ

ஐந்து ரோட்டில் ஒரு மாடியறை.
பெனாசிர் திரையை என் பக்கம் திருப்பினாள்.
ஆறு இரவு, ஏழு பகல்.
"ஆகஸ்ட்ல போனா கூட்டம் ஆறு தாண்டுறதப் பாக்கலாம்,
பாக்காமலும் வரலாம் மேடம்.
அதுங்களுக்கு நம்ம தேதி தெரியாது."

சிங்கத்துக்குத் தனிக் கட்டணம் இல்லை,
ஒட்டகச்சிவிங்கிக்கும்.
ஜீப்புக்கு உண்டு, கூடாரத்துக்கு உண்டு,
பூங்கா வாசலில் ஒவ்வொரு விடியலுக்கும் உண்டு.
கடைசி வரியில் ஒன்று:
தனியாள் கூடுதல், எழுபத்தெட்டாயிரம்.
"படுக்காத கட்டிலுக்குமா பணம்?"
"ஆமா மேடம். இது வராதவருக்கு."

வராதவர் பெயர் அர்த்தநாரி.
பெயரிலேயே பாதியைப் பெண்ணுக்கு எழுதிவைத்தவர்.
செவ்வாய்ப்பேட்டையில் வெல்ல மண்டி.
"மானைப் பாக்க ஆறு லட்சமா?
குரும்பப்பட்டியில டிக்கெட்டு எவ்வளவுன்னு தெரியுமா?"
அதோடு அந்தப் பேச்சு முடிந்தது,
ரசம் ஊற்றச் சொன்னார்.

சீட்டுக் கட்டியது நான். இருபத்திரண்டு மாதம்,
பூகோளம் நடத்திய சம்பளத்தில்.
பத்தொன்பது வருடமாய்
ஒன்பதாம் வகுப்புக் கரும்பலகையில்
பிளவுப் பள்ளத்தாக்கு வரைகிறேன்.
கை தூக்கத்திலும் வரையும்.
கண் போனதில்லை.

கருப்பு வேண்டாம், கருநீலம் வேண்டாம்,
அந்த நிறங்களை ஒரு ஈ தேடிவந்து கடிக்குமாம்.
கழித்துப் பார்த்தால் என் பீரோவில் மிஞ்சியது
ஒரு மாம்பழ மஞ்சளும் ஒரு கிளிப்பச்சையும்.
சின்னக்கடை வீதியில் காக்கி கேட்டேன்.
"செலக்‌ஷன் ஆயிட்டீங்களாக்கா, போலீஸுல?" என்றான் பையன்.
சென்னை போய் மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி.
கை கனத்த அந்த இரண்டு நாளும்
பலகையில் ஆப்பிரிக்கா சின்னதாகத்தான் வந்தது.

அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று
படிவத்தில் ஒரு கட்டம்.
மண்டியின் எண்ணை எழுதினேன்.
அவர் செல்போனை எடுப்பதே இல்லை.

தொலைநோக்கி பழக ஏற்காடு போனேன்.
லேடீஸ் சீட்டில் பனி.
விலகிய ஐந்து நிமிடத்தில் கீழே சேலம்:
தகரக் கூரைகள், ஒரு தண்ணீர்த் தொட்டி,
யாரோ மாடியில் உதறும் பாய்.
செவ்வாய்ப்பேட்டை எதுவென்று பிடிபடவில்லை.
இறங்கும் பேருந்து ஒரு வளைவில் நின்றது.
காட்டெருமை, காட்டெருமை என்று ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது கூட்டம்.
அவசரமாய்க் கண்ணில் வைத்தேன்.
கருப்பு. கலங்கிய கருப்பு மட்டும்.
திருகிக்கொண்டே இருந்தேன்.
அத்தனை கிட்டத்தில் நிற்பதற்கு
அந்தக் கண்ணாடி செய்யப்படவில்லை.

குட்டி விமானத்தில் பதினைந்து கிலோதான்,
அதுவும் துணிப்பை.
புறப்படும் முந்தின இரவு
கேட்காமலே பையைத் தூக்கிக்கொண்டு மண்டிக்கு நடந்தார்.
நான் பின்னால்.
அச்சுவெல்லம் நிறுக்கும் தராசில் வைத்தார்.
பதினாறு முக்கால்.
தட்டுவடைப் பொட்டலம் போனது,
இரண்டாம் ஜோடி செருப்பு போனது,
தேங்காயெண்ணெய் பாதியானது.
பதினைந்தே கால்.
எங்கே அந்தக் கால் கிலோ என்று துழாவினேன்.
காலுறைக்குள், செய்தித்தாள் சுற்றி,
ஒரு வெல்லக்கட்டி.

நான் அவரைப் பார்த்தேன்.
அவர் முள்ளைப் பார்த்தார்.
"இந்தத் தராசு
கால் கிலோ கூடத்தான் காட்டும்" என்றார்,
முப்பது வருடமாய் அதில் நிறுத்து விற்றவர்.

விடிந்து பார்த்தால்
ஜிப்பின் ஓரம் எறும்பு.
ஒன்றன்பின் ஒன்றாய், முட்டிமோதி,
எங்கோ மழை பெய்துவிட்ட அவசரத்தில்
காக்கிக்குள் இறங்கிக்கொண்டிருந்தன.
வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்தது.
பாதியை உதறினேன்.
மீதி வரட்டும்.