பகுதி எண்

இன்று நள்ளிரவுக்குள் அறிக்கை போய்ச் சேர வேண்டும்.
டாப்பனிஷில் பனி. ஹீட்டர் இருமுகிறது.
திரையில் இருபத்து மூன்று பேர்,
பெயராக அல்ல, ஒன்பது இலக்க எண்ணாக.

தொண்ணூறு நாள் ஒருவர் எங்களிடம் எதுவும் கேட்டு வராவிட்டால்
கணினி அவரை வெளியேற்றிவிடும்,
அதுவும் பின்தேதியிட்டு:
பெட்ரோல் கூப்பனை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தபடி
"அடுத்த வாரம் வர்றேன்" என்று சொல்லிப் போனாரே,
அந்த நாளிலேயே அவர் இல்லை என்று.

வெளியேறிய பிறகுதான் அவர் எங்களுக்கு முக்கியம்.
இரண்டாம் காலாண்டில் வேலை உண்டா?
நான்காம் காலாண்டில்?
சான்றிதழ்? சம்பளம்?
யார் கொடுக்கிறார்கள், எதை வைத்து நம்புவது?

அபுந்தியோ அலாஸ்காவில் மீன் வெட்டுகிறான்.
எங்கள் மாநிலத்துச் சம்பளப் பதிவேட்டுக்கு
அவன் வேலையற்றவன்.
சீட்டைப் படம் பிடித்து அனுப்பு என்றேன்;
கட்டைவிரல் நிழல் பாதி எண்ணை விழுங்கியிருந்தது.
மறுபடி கேட்டேன். மூன்றாம் முறை வந்தது
அவன் சிரிக்கும் படம்.
கையில் அவனளவு மீன்; சீட்டைக் காணோம்.

வேலையில் இருப்பவர் பதினைந்து பேர்.
சம்பளத்தை ஏறுவரிசையில் அடுக்கினால் எட்டாவதாக கிரிசாந்தா,
ஆப்பிள் குளிர்கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவள்.
மேலே ஏழு பேர், கீழே ஏழு பேர்.
மூன்று மாதத்துக்கு ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு டாலர்.
இடைநிலை அளவு என்று அவளை எழுதுகிறேன்.
தலைநகரில் எங்கள் எல்லோருக்கும் சேர்த்து
அவள் ஒருத்திதான் சம்பளம் வாங்குகிறாள்.
அவளுக்கு இது தெரியாது.
தெரிந்தால் ஓவர்டைம் கேட்பாள்.

பதினைந்தை இருபத்து மூன்றால் வகுத்தால்
அறுபத்தைந்து புள்ளி இரண்டு.
இலக்கு அறுபத்தெட்டு.
இந்த முறையும் எட்டாவிட்டால்
மானியம் மலைக்கு அந்தப் பக்கம் போய்விடும்,
நாற்காலிகளோடு, அநேகமாக என்னோடும்.

எர்மெலிந்தோவின் எண்ணுக்குச் செவ்வாய்க்கிழமை போன் செய்தேன்.
மச்சான் எடுத்தான்.
பயிற்சி முடித்தவர்களின் நலம் அறிய அழைக்கிறோம்,
எர்மெலிந்தோ எப்படி இருக்கிறார் என்றேன்.
"ரெண்டு மாசம் ஆச்சு" என்றான்.
நல்லது என்று குறித்துக்கொண்டேன்: இரண்டு மாதம்.
மணிக்கு எவ்வளவு சம்பளம் என்று கேட்டேன்.
மறுமுனையில் ஒரு நாய் குரைத்தது,
யாரோ கதவைச் சாத்தினார்கள்.
பிறகு அவன், கோபமே இல்லாமல்,
எனக்காக இன்னொரு முறை சொன்னான்.

கீழ்விரியும் பட்டியலில் அதற்கும் இடம் உண்டு.
சிறை, மருத்துவமனை, ராணுவ அழைப்பு, மரணம்.
இந்த நான்கில் ஒன்றைத் தேர்ந்தால்
அந்த நபர் கணக்கிலிருந்து நீக்கப்படுவார்.
தொகுதியில் அவன் எப்போதும் இருந்ததில்லை.
பகுதியில் மட்டும்
கோட்டுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தான்.

பதினைந்தை இருபத்திரண்டால் வகுத்தேன்.
அறுபத்தெட்டு புள்ளி ஒன்று எட்டு.
கட்டம் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியது.
விரலை எலியிலிருந்து எடுத்தேன்.
காபி போட எழுந்தேன், போடவில்லை.

ஆதாரம் இணைக்கவும் என்கிறது கணினி.
மச்சான் அனுப்பிய பூசை அட்டை:
எங்கள் லாரி வகுப்பில் எடுத்த உரிமப் படத்தைத்தான்
வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.
வேறு நல்ல படம் இல்லையாம்.

அந்த உரிமத்துக்கு முந்தைய வாரம்
ஐம்பத்து மூன்றடி டிரெய்லரை அவன் பின்னால் எடுத்தபோது
ஒரு கூம்பு சாய்ந்தது.
எஞ்சினை நிறுத்தி, இறங்கி,
கூம்பை நிமிர்த்தி, தூசி தட்டி,
அதனிடம் மன்னிப்புக் கேட்டான்.
நாங்கள் சிரித்தோம். அவனும்.

பதினொன்று நாற்பது.
அறிக்கை தயாரித்தவர்: நெலிடா அரம்பிதே.
கடைசியில் குறிப்புகள் என்றொரு பெட்டி,
இருநூற்றைம்பது எழுத்து வரை.
ஆறு வருடமாக அதைக் காலியாகவே அனுப்புகிறேன்.

அவன் எண்ணைப் போட்டு எழுதினேன்:
இரண்டாம் முயற்சியில்
ஒரு கூம்பும் விழவில்லை.