முப்பதுக்குப் பதினொன்று

கேள்விகளை நான் உண்டாக்கவில்லை.
உரக்க வாசிப்பேன், கடிகாரம் பார்ப்பேன்,
அவ்வளவுதான் என் உத்தியோகம்.
அமதோரா மருத்துவமனை, நினைவுப் பிரிவு.
லிஸ்பனிலிருந்து ரயிலில் கொஞ்ச தூரம்.
கேள்விகள் போர்த்துகீசிலேயே இருக்க வேண்டும் என்பது விதி.

ஒன்பதரைக்கு டொமிங்காஸ் செமெது.
தாளில் வயது எழுபத்தாறு.
"அது தீவில் பதிந்த வருஷம்,
பிறந்தது அதற்கும் முன்னால்," என்கிறாள் மகள் நெல்மா.

நாம் எந்த மாடியில் இருக்கிறோம்?
மூக்கைத் தூக்கி மோந்து பார்க்கிறாள்.
"ரத்தம் எடுக்கிற மாடிக்கு மேலே, பிரசவத்துக்குக் கீழே.
இந்தத் தரைக்கு மருந்து இரண்டு மூடி போதும்."
இருபத்தொன்பது வருஷம் இந்தக் கட்டடத்தைத் துடைத்தவள்.
தாள் கேட்பது ஓர் எண்.
எண் வரவில்லை. பூஜ்யம்.

நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள்.
"நூறா? முதலில் வாடகை போகும்.
அப்புறம் பஸ் பாஸ். அப்புறம் தம்பிக்கு அனுப்புகிறது.
மிச்சம் எங்கே இருக்கு, நீ கழிக்கச் சொல்ல?"

ஒரு வாக்கியம் எழுதுங்கள்.
பேனாவை வாங்கி, எந்தப் பக்கம் அடி என்று பார்த்து,
திருப்பித் தருகிறாள்.
ஊற்றுக்கும் வீட்டுக்கும் நடுவில் பள்ளிக்கூடம் இருந்ததாம்;
தண்ணீர்த் தகரத்தோடு தினமும் அதைக் கடந்திருக்கிறாள்.
இருபது வயதில் கேட்டிருந்தாலும்
இந்தப் பக்கம் வெள்ளையாகத்தான் இருந்திருக்கும்.
அதைக் குறிக்கக் கட்டம் இல்லை.

நெல்மா சொன்னதும் பொய்யில்லை:
ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருஷமாகிறது,
இன்னும் மூன்று மணிக்கே எழுந்து
இருட்டில் முதல் பஸ்ஸுக்கு நிற்கிறாள்.
சில நாள் செருப்பில்லாமல்.

பத்தரைக்கு நீதிபதி வாஸ்கொன்செலோஸ்.
இன்று என்ன தேதி?
"அம்மணி, வாய்தா தேதி ஒன்றுதான் எனக்குத் தெரியும்."
பயிற்சி மாணவர்கள் சிரித்தார்கள். நானும்.
சிரித்த கையோடு ஒரு மார்க் போட்டுவிட்டேன்.
நாற்பது வருஷம் தீர்ப்புச் சொன்ன நாக்கு.
சொல் விழுந்த பள்ளத்தில்
லத்தீனை வைத்து மெழுகிவிட்டுப் போனது.
அவர் மனைவி என்னவோ சொல்ல வாயெடுத்தார்;
கையமர்த்தினார்.
முப்பதுக்கு இருபத்தெட்டு.
அடுத்த வருஷம் வந்தால் போதும் என்றார் டாக்டர்.

பதினோரு மணிக்கு இரண்டு பேரையும் காணோம்.
காவலாளி வாசலுக்கு ஓடினான்.
நெல்மா படிக்கட்டில். நீதிபதியின் மனைவி
கழிவறைக் கதவை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு.
தாழ்வாரக் கோடியில்,
துடைப்பம் வைக்கும் அறையில் விளக்கு எரிந்தது.

டொமிங்காஸ் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தாள்.
நீதிபதியின் கையில் வாளி.
"புது ஆள்," என்றாள் என்னிடம், கிரியோலுவில்.
"லிஃப்ட் முன்னால் திக்குத் தெரியாமல் நின்றான்.
போகப் போகப் பழகிவிடும்."
என் அம்மாவின் மொழி அது.
இந்தக் கட்டடத்தில் நான் ஒருநாளும் பேசாதது.
என் பெயர்ப்பட்டையை அவளால் படிக்க முடியாது;
நான் யார் வீட்டுப் பெண் என்பதைப் படித்திருந்தாள்.

அவர் வாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
நன்றி, நன்றி என்றார்,
அந்தக் காலையில் முதல் முறையாக
வேடிக்கை எதுவும் சேர்க்காமல்.

தாள் இரண்டையும் கோப்பில் வைத்தேன்.
இருபத்தெட்டு. பதினொன்று.
இரண்டின் ஓரத்திலும் பென்சிலால்
'வாளி' என்று எழுதினேன்.
டாக்டர் அதைப் பார்த்துவிட்டு
இது எந்தக் கேள்விக்கான விடை என்றார்.