கூட வந்தவர்கள்

செக்காலை ரோடு, மாடி அறை, ஞாயிறு மாதிரித்தேர்வு.
தப்பான விடைக்குக் கால் மார்க் போகும்.

பதினோராம் கேள்வி:
மை ஃபாதர், கோடிட்ட இடம், அட் ஹோம்.
இஸ்ஸா, ஆரா?
போன வருஷம் ஆர் போட்டேன்.
அப்பாவை ஒருமையில் எழுதக் கை வரவில்லை.

பள்ளத்தூரில் அவர் காக்கும் வீட்டுக்கு
முப்பத்தெட்டுப் பங்கு.
படைப்புக்குக் காரில் வந்திறங்கும் எந்தப் பங்கும்
முகப்பில் நின்று கேட்பது ஒன்றுதான்:
"வெள்ளைக்கண்ணு இருக்கானா?"
"இருக்கார்" என்பேன்,
காதில் விழுந்ததோ என்னவோ.

இங்கிலீஷில்
அவர்களுக்கும் இஸ்தான்
அப்பாவுக்கும் இஸ்தான்.
தாள் கிழிகிற மாதிரி
அழுத்தி நிரப்பினேன் அந்த வட்டத்தை.

பன்னிரண்டு:
தி ஓனர், அலாங் வித் ஹிஸ் வாட்ச்மேன் அண்ட் டூ டிரைவர்ஸ்,
மறுபடி கோடு.
விதி தெரியும். சிகப்பி மிஸ் பத்துத் தடவை சொன்னது:
கூட வந்தவர்கள் கணக்கில் இல்லை,
வினைச்சொல் முதல் ஆளை மட்டும் பார்க்கும்.

இஸ்.
ஒரு மார்க் நிச்சயம்.

பதிமூன்றுக்குப் போய்விட்டேன்.
அப்பாவும் அந்த ரெண்டு டிரைவர்களும்
இரண்டு காற்புள்ளிகளுக்கு நடுவே
இன்னும் நிற்கிறார்கள்.