ஒன்பதாம் லேன்

கிருஷ்ணகிரி டோல்கேட்டில் ஒன்பதாம் லேன் என்னுடையது,
இரவு பத்திலிருந்து காலை ஆறு.
ஃபாஸ்டாக் வேலைசெய்யாத வண்டிகள்தான் என் ஜன்னலில் நிற்கும்.
தக்காளி, கிரானைட்,
ஒருமுறை கூண்டு நிறைய வாத்து.
எல்லாரும் திட்டுவார்கள். பழகிவிட்டது.

வீட்டில் திட்டியது பழகவில்லை.

முனிரத்தினம் பர்கூர்ப் பக்கம் கல்லுக்குப் பாலிஷ் போடுகிறவர்.
மாசியிலிருந்து சோறு இறங்கவில்லை,
குவாட்டர் மட்டும் இறங்கியது.
வயிறு நிற்காமல் போனது.
கழுத்தைச் சுற்றித் தோல் கறுத்து வெடித்தது,
தீயில் காட்டிய சங்கிலியை
யாரோ மாட்டிவிட்டதுபோல்.
வெயில் என்றார்கள்.
பிறகு ராத்திரியெல்லாம் உட்கார்ந்து
என் பெயரைச் சொல்லி என்னைத் தேடினார்.
“அவ லாரிக்காரனோட போயிட்டா” என்றார்
என்னிடமே, ரகசியமாக.
மாமியார் கயிறு கட்டினார்.
கொழுந்தன் நிஜச் சங்கிலிக்கு விலை கேட்டு வந்தான்.

தருமபுரி பெரியாஸ்பத்திரியில் டாக்டர் சஃபீரா
முதலில் சட்டைப் பொத்தானைத்தான் அவிழ்த்தார்.
துணி தொடங்கும் இடத்தில் கறுப்பு நின்றிருந்தது.
“பெலாக்ரா” என்றார்.
பழைய கடன்காரனைத் தெருவில் பார்த்த குரல்.

ஓ.பி. சீட்டின் பின்பக்கம் ஒரு கோடு போட்டார்.
டிரிப்டோஃபான்.
உடம்புக்குத் தானாகச் செய்யத் தெரியாது,
பருப்பு, முட்டை, கேழ்வரகு என்று
கொஞ்சங்கொஞ்சமாக வெளியிலிருந்து வரவேண்டும்.
கோடு பிரிந்தது.
நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து இந்தப் பக்கம்,
கைனுரெனின் என்று ஓர் ஊர்,
அதைத் தாண்டிப் போனால் நியாசின்.
மற்றப் பக்கம் ஒரு சிட்டிகை:
செரட்டோனின்.
இருட்டினால் அதிலிருந்தே மெலட்டோனின்.
“மூளைக்குள்ள போக இதுக்கு வாசல் ஒண்ணுதாம்மா.
அதே வாசல்ல வேற பெரிய கூட்டம் முண்டும்.
இது எண்ணிக்கையில கம்மி, பின்னால நிக்கும்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
“நான் டோல்கேட்டு, மேடம்.”

அதன்பிறகு வேகமாகப் பேசினார்,
ஷிப்ட் மாற்றிக்கொள்ளும் ஆளிடம் பேசுவதுபோல்.
உடம்பில் அழற்சி கனன்றால்
கைனுரெனின் லேன் அகலத் திறந்துகொள்ளும்,
மற்றது காயும்.
அந்தச் சாலையிலும் ஒரு கிளை நரம்பைக் காக்கும்,
இன்னொன்று கருக்கும்.
எந்த நோயில் எது எவ்வளவு என்று
இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.
“இவருக்கு அவ்வளவு தூரம் போகவேண்டாம்.
சரக்கே வரல. அவ்வளவுதான்.”

நிகோடினமைடு. வெள்ளை மாத்திரை.
ஒரு கார் ஒருதடவை கடக்கிற காசுகூட ஆகாது.

நான்காம் நாள் “டீ இல்லையா?” என்றார்.
ஆறாம் நாள் என் முகத்தைப் பார்த்து
“டூட்டிக்குப் போகல?”

இவ்வளவு சுலபமாக இருந்திருக்கக் கூடாது.
நாற்பது நாள் என் காதில் விழுந்தவை
சரக்கு வராத கிடங்கில் எலி உருட்டிய சத்தமா,
முன்பே உள்ளே அடுக்கியிருந்து
காவல்காரன் கண்ணயர்ந்ததும் வெளியே வந்தவையா?
கேட்டேன்.
டாக்டர் பேனாவை மூடினார்.
“அது இந்தச் சீட்டுல வராது.”

அவருக்கு எதுவும் நினைவில்லை.
எனக்கு ஒரு சொல் விடாமல் இருக்கிறது.
என் டிரிப்டோஃபான் ஒழுங்காகப் போய்ச் சேர்கிறது போல.

களியும் முட்டையும் வைத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.
தின்றாரா என்று தட்டைப் பார்ப்பேன்,
குடித்தாரா என்று கண்ணைப் பார்ப்பேன்.
கழுத்தில் புதுத் தோல்,
குழந்தைத் தோல்போல இளஞ்சிவப்பு.
தொடலாம்தான்.
இன்னும் தொடவில்லை.

நேற்று மூன்று மணிக்கு நாமக்கல் வண்டி ஒன்று.
டிரைவர் நோட்டை நீட்டும் கை நடுங்கியது.
சில்லறை எண்ணாமல் குனிந்து
அவன் கழுத்தைப் பார்த்தேன்,
சுற்றிலும் கறுப்பாய் ஏதோ.
துண்டு.
வெறும் துண்டுதான்.

“என்னம்மா பாக்குற?”

ஒண்ணுமில்லை, போ என்று
தடுப்பைத் தூக்கினேன்.