அனுமதிக்கப்பட்ட நிறம்

குழாயைத் திறந்தால்
முதல் இரண்டு நிமிடம் வருவது
ரசம் வைக்கிற பதத்தில் இருக்கிறது.
பக்கெட்டில் பிடித்து ஆறவைக்கிறேன்.
பிள்ளையைக் குளிப்பாட்டப் போகிறவள் மாதிரி
முழங்கையை முக்கிப் பார்த்துவிட்டு
அப்புறம்தான் செடிக்கு.

அரிசோனா, சாண்ட்லர், ஜூன் மாதம்.
ஒன்றரை அடிக்குக் கீழே சுண்ணாம்புப் பாறை.
செங்குட்டுவன் இரண்டு சனிக்கிழமை கடப்பாரை போட்டு
மூன்று குழி எடுத்தான்,
இடுப்புக்கு ஒரு பெல்ட்டும் வாங்கிக்கொண்டான்.

தக்காளி பூத்தது, உதிர்ந்தது.
பூத்தது, உதிர்ந்தது.
ராத்திரியிலும் முப்பதுக்குக் கீழே இறங்காத ஊரில்
எதை நம்பிப் பிஞ்சு விடும்?
நான் திட்டவில்லை.
வெண்டைதான் ஒன்றும் நடக்காதது போல
ஒரு இலை, இன்னொரு இலை என்று போய்க்கொண்டிருந்தது.
அதற்கும் மூன்று மணிக்கு மேல்
கராஜ் சுவர் அனல் கக்கும்போது
தலை தொங்கிவிடும்.

அதனால்தான் வேட்டி.
பச்சைக்கரை, எட்டு முழம்,
கல்யாணத்துக்கு மறுநாள் கட்டியது,
அதோடு பெட்டிக்குள் போனது.
நான்கு பிவிசி பைப், பன்னிரண்டு துணிக்கிளிப்.
அன்று சாயங்காலமே
செடி நிமிர்ந்து எங்களைப் பார்த்தது.

எட்டாம் நாள் குடியிருப்போர் சங்கத்துக் கடிதம்:
தெருவிலிருந்து தெரியும் துணிகள்
மணல் நிறம், களிமண் நிறம், சாம்பல் கலந்த பழுப்பு
இவற்றுள் ஒன்றாக இருக்க வேண்டும்.
வெள்ளை பட்டியலில் இல்லை.
பதினான்கு நாள் அவகாசம்.
இப்படிக்கு, டார்லீன்.

"டீத்தூள்ல முக்கிடலாமா?" என்றான்.
முக்கியிருப்போம்.
பதின்மூன்றாம் நாள்
தென்கிழக்கே ஒரு பழுப்பு மலை எழுந்து
நடந்து வந்தது.
தெருவிளக்குகள் ஐந்து மணிக்கே எரிந்தன.
அரை மணி நேரம் வீட்டைச் சுற்றி
யாரோ அரிசி புடைத்தார்கள்.
அப்புறம் எண்ணிப் பத்தே துளி மழை.

விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தால்
மூன்று பைப் பிடுங்கிக்கொண்டு
ஒற்றைக் காலில் நிற்கிறது வேட்டி.
பாலைவனம் முழுக்க அதில் படிந்து
ஈரம் பட்டு இறுகி
கரை எது துணி எது என்று தெரியாமல்,
சத்தியமாக,
மணல் நிறம்.

டார்லீன் காரை நிறுத்தி ஒரு படம் எடுத்தாள்.
கைகூட அசைத்தாள்.

விதிகளைப் பின்பற்றியதற்கு நன்றி என்று
தாள் வந்த அன்று
வெண்டைக்காய் ஏழு.
கத்தியை எடுக்குமுன்
ஒவ்வொன்றாய் நுனியை ஒடித்துப் பார்த்தேன்,
கடைக்காரன் திட்டுவானோ என்று
பக்கத்தில் பார்த்துக்கொண்டே.